கிராமத்து முதியோருக்கான அரசுச் சேவைகள்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

இராமநாதபுரம் மாவட்டத்தில், மழையை நம்பிக் கண்மாயும் கண்மாயை நம்பி நெல்லும் மிளகாயும் இருக்கும் ஒரு வட்டத்தில், நூறு வீடுகள்கூட இல்லாத ஒரு சிற்றூரில் என் அப்பாவின் அக்கா தனியாக வாழ்கிறார். மாமா 2021இல் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை, நிலமும் இல்லை. ஓட்டு வீடு ஒன்றும் இரண்டு வெள்ளாடுகளும் அவருடைய சொத்து. நான் மதுரையில் வேலை பார்ப்பதால் மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய் வருகிறேன். முதியோர் உதவித்தொகை, வீட்டுக்கு வரும் மருந்து, ரேஷன், கண் அறுவைச் சிகிச்சை முகாம், சத்துணவு மையத்து மதிய உணவு என்று 2022 முதல் அத்தைக்காக நான் அணுகிய சேவைகள் ஒவ்வொன்றும் நடைமுறையில் எப்படி இருக்கின்றன என்பதை, இதே நிலையில் பெற்றோரையோ உறவினரையோ ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து வட்டாட்சியர் அலுவலகம் 19 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பேருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை வரும். நிறுத்தத்துக்குப் போக சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மூட்டு வலி உள்ள ஒரு மூதாட்டிக்கு ஓர் அலுவலகத்துக்குப் போய் வருவது என்பது ஒரு முழு நாளும் அதற்கு அடுத்த நாள் படுக்கையும் சேர்ந்த வேலை. ஆகவே ஒரு சேவையைப் பற்றி யாராவது புகழ்ந்தாலோ திட்டினாலோ நான் முதலில் கேட்பது, அந்தச் சேவைக்காக நடக்க வேண்டியவர் யார், அலுவலரா அல்லது அத்தையா என்பதைத்தான். இந்த அளவுகோலை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அத்தையுடன் வட்டாட்சியர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த நாள்களில் தானாக வந்தது.

முதலில் உதவித்தொகை. ஊரில் இதை யாரும் முழுப் பெயரில் சொல்வதில்லை, 'ஓ.ஏ.பி. பணம்' என்றால்தான் தெரியும். இந்த மாநிலத்தில் இது 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய திட்டம். மத்திய அரசு 1995 ஆகஸ்டு 15 முதல் தன் பங்கைத் தரத் தொடங்கியது. 2011இல் தமிழ்நாட்டில் தொகை 1,000 ரூபாயாக உயர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்று, 2023 ஆகஸ்டு முதல் 1,200 ஆயிற்று. இந்த 1,200 ரூபாயில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு 200 ரூபாய் மட்டுமே. மீதி ஆயிரத்தை மாநில அரசு போடுகிறது. 80 வயது நிறைந்தவர்களுக்கு மத்திய அரசு 500 ரூபாய் தருகிறது. ஆனால் அதைக் கேட்டு யாரும் மகிழ வேண்டாம், ஏனெனில் அந்த வயதில் மாநிலத்தின் பங்கு 700 ஆகக் குறைந்துவிடுகிறது. 79 வயதில் வாங்கிய அதே 1,200 ரூபாய்தான் 80 வயதிலும் கைக்கு வருகிறது. மூப்பு கூடியதால் மிச்சமாகும் 300 ரூபாய் பயனாளிக்கு அல்லாமல் கருவூலத்துக்குப் போகிறது. பக்கத்து ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் முதியோருக்கு மாதம் 4,000 ரூபாய் வீட்டு வாசலில் கொடுக்கப்படுகிறது என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

இருந்தாலும் தொகை குறைவு என்பது என் முதல் குறை அல்ல. அத்தையைப் போன்ற ஒருவர் 1,200 ரூபாயில் மளிகை, மின் கட்டணம், வெற்றிலை, ஆட்டுத் தீவனம், கோயில் வரி என்று ஒரு மாதத்தை எப்படியோ ஓட்டிவிடுகிறார். அந்தப் பட்டியலுக்குள் நுழைவதற்குப் பட்ட பாடுதான் மறக்க முடியாதது.

2022 ஜூலையில், வட்டத் தலைநகரில் தனியார் ஒருவர் நடத்தும் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், மாமாவின் இறப்புச் சான்று, புகைப்படம் எல்லாம் கொண்டுபோயிருந்தோம். அத்தையிடம் கைப்பேசி இல்லை என்றதும் கணினியில் உட்கார்ந்திருந்த இளைஞர் சற்றும் யோசிக்காமல் தம்முடைய எண்ணையே விண்ணப்பத்தில் போட்டுவிட்டார். நான் அருகில் நின்றும் அதைக் கவனிக்கவில்லை. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமும் பிறகு வருவாய் ஆய்வாளரிடமும் விசாரணைக்குப் போய், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் மேசையில் முடிவாகும். எங்கள் விண்ணப்பமும் அப்படியே போயிற்று. நவம்பரில் அது நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்புச் செய்தி, யாருடைய எண் கொடுக்கப்பட்டிருந்ததோ அவருக்குப் போனது. அவருக்கு ஒரு நாளைக்கு அப்படி எத்தனை செய்திகள் வருமோ, அதை அவர் பார்த்தாரா என்பதே ஐயம். நாங்கள் 'வந்துவிடும், வந்துவிடும்' என்று 2023 பிப்ரவரி வரை காத்திருந்தோம்.

நிராகரித்ததற்கான காரணத்தை நேரில் போய்க் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. விசாரணையின்போது, அத்தைக்குத் துணையாக இருக்கட்டும் என்று நான் மதுரையிலிருந்து நண்பரின் காரில் போய் இறங்கியிருந்தேன். அலுவலர் என்னை யார் என்று கேட்டார், தம்பி மகன் என்றேன், என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். 'உறவினர் ஆதரவு உள்ளது' என்று குறிப்பு எழுதப்பட்டுவிட்டது. ஆதரவற்றோருக்கான திட்டம் ஆகையால் அவர் எழுதியது விதிப்படி முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால், துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு கிழவியால் அந்த விண்ணப்பத்தைப் போடவே முடியாது என்ற நிலையை வைத்துக்கொண்டு, துணைக்கு வந்த ஆளையே தகுதியின்மைக்குச் சான்றாக்குவதை என்னவென்று சொல்வது? இரண்டாவது முறை நான் ஊருக்குள்ளேயே போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார். கைப்பேசி எண்ணாக என்னுடையதைக் கொடுத்தேன். 2023 ஜூன் மாதம் ஆணை வந்தது. இதைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை வெட்கக்கேடாகத்தான் இருக்கும்: விசாரணை நாளன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்காதீர்கள்.

வயதுச் சான்று பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அத்தை பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. 'தாது வருசப் பஞ்சத்துக்கு அப்புறம்' என்று பழைய தலைமுறை சொன்னதைப் போல, அவர் 'கண்மாய் உடைந்த வருசத்துக்கு மறு வருசம்' என்பார். ஆதார் அட்டை எடுத்தபோது தேதி தெரியாதவர்கள் எல்லாருக்கும் போட்டதைப் போல அவருக்கும் ஜனவரி முதல் தேதி, 1955 என்று போட்டுவிட்டார்கள். வாக்காளர் அட்டையில் அவருக்கு நான்கு வயது கூடுதல். எங்கள் தெருவில் மட்டும் ஏழு பேர் ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள். ஆணை கிடைப்பதற்கு ஆதார் வயதே போதுமாக இருந்தது என்பதால் அதைத் திருத்தும் வேலையில் இறங்கவில்லை.

பணம் கைக்கு வரும் வழி, பட்டியலில் சேரும் வழியைவிடப் பல மடங்கு மேல். முன்பு தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து கொடுத்த பணம் இப்போது வங்கிக் கணக்கில் விழுகிறது. வங்கிக்குப் போக முடியாதவர்களுக்காக வங்கியின் முகவர் ஒருவர் கையடக்க இயந்திரத்துடன் ஊருக்கு வந்து, கோயில் திண்ணையில் உட்கார்ந்து, கைரேகை வாங்கிக்கொண்டு பணம் தருவார். கருத்தளவில் இது அருமையான ஏற்பாடு. ஆனால் எங்களுக்கு வந்த முகவர் 1,200 ரூபாய்க்கு 1,150 ரூபாய்தான் கொடுப்பார். மீதியைக் கேட்டால் சில்லறை இல்லை என்பார், அல்லது பெட்ரோல் செலவு என்பார். முதல் மூன்று மாதங்கள் அத்தை எனக்கு அதைச் சொல்லவே இல்லை. சொன்னபோதும், 'அவரும் வெயில்ல வர்றாருல்ல மருமகனே' என்று அவருக்காகவே பரிந்து பேசினார். அதற்குப் பிறகு அஞ்சல்காரரிடம் மாறினோம். இந்திய அஞ்சல் கட்டண வங்கி 2018இல் தொடங்கப்பட்ட பின், தபால்காரரின் கைப்பேசியிலும் கைரேகைக் கருவியிலும் எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் ஆதார் வழியாகப் பணம் எடுக்க முடிகிறது. எங்கள் தபால்காரர் கடிதம் கொடுக்க வரும் நாளிலேயே பணத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஒரு ரூபாய் குறைந்ததில்லை.

எந்தக் கருவியானாலும் அத்தையின் விரலை அது ஒரே முறையில் ஏற்றுக்கொள்வதில்லை. நாற்பது ஆண்டுகள் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிய விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? வலது கட்டை விரல், இடது கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாகச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைப்பார். தபால்காரர் பொறுமைசாலி, சிறிது தண்ணீர் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் அழுத்தி வைக்கச் சொல்வார். சில மாதங்களில் மறுநாளும் வர வேண்டியிருக்கும். இந்த ஒரு விஷயத்துக்கு மாற்றாகக் கருவிழிப் பதிவு ரேஷன் கடைகளில் வந்திருக்கிறது. தபால்காரரின் பையிலும் அது வர வேண்டும்.

நான் தயக்கமில்லாமல் முழு மதிப்பெண் தரக்கூடிய ஒன்று 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டம் எங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் அத்தைக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பதே தெரிய வந்தது. மாமா இறந்த துக்கத்தில் தலை சுற்றுகிறது என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண், பயிற்சி பெற்றுத் தன்னார்வலராக இருப்பவர், தோளில் பையுடன் வந்து திண்ணையில் உட்கார வைத்து அழுத்தம் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார். அங்கே மருத்துவர் உறுதி செய்து எழுதிக் கொடுத்த பிறகு, மாத்திரைகளை அந்தப் பெண்ணே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார். அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் அத்தைக்குப் பெயர் தெரியாமலே பழகிவிட்டன. 'காலை மாத்திரை', 'சோத்து மாத்திரை' என்று பிரித்து வைத்திருக்கிறார்.

இந்தச் சேவை ஏன் நன்றாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், மருந்தைவிட ஆள்தான் காரணம் என்று தோன்றுகிறது. அந்தப் பெண் அதே ஊராட்சியைச் சேர்ந்தவர். யார் வீட்டில் யார் மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறார்கள், யார் 'இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு' என்று நிறுத்திவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு முறை அத்தை மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். நானாக இருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். பக்கவாதத்தில் படுத்த பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவருக்கு இதே திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு வட்டாரம் முழுவதும் சுற்ற வேண்டியவர் என்பதால் அவர் வந்துபோன இடைவெளி நீளம், ஆனாலும் வந்தார். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தபோது செய்தியை அந்தத் தன்னார்வலரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, தங்களுக்குத் தருவது ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை என்பதை நினைவுபடுத்தினார். முழு மதிப்பெண் என்று நான் சொன்னது பயனாளியின் பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்னது. உழைப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மதிப்பெண் குறையும்.

கண்புரை விஷயத்தில் எங்களுக்கு உதவியது அரசு அல்ல, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அந்த மருத்துவமனை, பணம் கொடுக்கும் நோயாளிகளிடமிருந்து வரும் வருவாயில் கொடுக்க முடியாதவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை செய்கிறது என்பது தென் மாவட்டத்துக்காரர்கள் எல்லாரும் அறிந்ததுதான். நான் வியந்தது அதன் முகாம் நடக்கும் முறையைப் பார்த்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பரிசோதனை நடந்தது. புரை முற்றியவர்களை அன்றைக்கே பேருந்தில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். சாப்பாடு, படுக்கை, அறுவை, சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி எல்லாம் முடித்து, ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் வில்லையைக்கூட அவர்களோடு இணைந்த 'ஆரோலேப்' நிறுவனம் 1992 முதல் மதுரையிலேயே தயாரிக்கிறது. வெளிநாட்டு வில்லையின் விலையில் இதையெல்லாம் இலவசமாகச் செய்ய முடிந்திருக்காது. போக்குவரத்தும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 'அறுவை இலவசம், நீங்களே வந்து சேருங்கள்' என்று சொல்லியிருந்தால் அத்தை போயிருக்கவே மாட்டார்.

ரேஷன் கடை எங்கள் ஊரில் இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அரிசி விலையில்லாமல் கிடைப்பது 2011 ஜூன் முதல். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்ற விலையும் நீண்ட நாளாக மாறவில்லை. தனி ஆள் அட்டைக்கு அத்தை வாங்கும் 12 கிலோ அரிசியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை; புழுங்கல் அரிசி சில மாதங்களில் சிறிது வாடை அடிக்கும், இரண்டு முறை கழுவி ஊற வைத்தால் சரியாகிவிடும். குறை எல்லாம் அந்த 12 கிலோவைத் தூக்கிக்கொண்டு வருவதில்தான் இருந்தது. மூட்டையைக் கொண்டுவந்து போட யாரையாவது கேட்க வேண்டும். கைரேகைக்காக அத்தையும் கூடவே போக வேண்டும். வந்தவருக்கு அதிலிருந்தே இரண்டு படி அரிசி அளந்து கொடுக்க வேண்டும். அட்டைதாரருக்குப் பதில் வேறொருவரை அங்கீகரிக்க ஒரு படிவம் உண்டு. அதைக் கடையில் கேட்டபோது 'தீர்ந்துவிட்டது' என்றார்கள், நகல் எடுத்துக்கொண்டு போனபோது 'மேலே கையெழுத்து வாங்கி வாருங்கள்' என்றார்கள். மேலே என்றால் எங்கே என்பதைக் கடைசி வரை தெளிவாகச் சொல்லவில்லை.

2025 ஆகஸ்டு 12ஆம் தேதி தொடங்கிய 'தாயுமானவர்' திட்டம் அந்தக் கதையை முடித்துவைத்தது. தொடங்கியபோது இருந்த விதிப்படி, 70 வயதைக் கடந்த முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் ரேஷன் பொருள் வீடு தேடி வந்தது. ஆதார் கணக்கில் அத்தைக்குச் சரியாக 70 வயது ஆகியிருந்தது. வண்டியில் மின்னணுத் தராசும் விற்பனை இயந்திரமும் இருந்தன. வாசலிலேயே அத்தையின் கண்ணெதிரே எடை போட்டார்கள். கடையில் எடை போடும்போது முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான் அவர் பார்த்துப் பழகியிருந்தார். முள்ளோ எண்ணோ அவர் கண்ணில் பட்டதில்லை. எங்கள் தெருவுக்குள் வண்டி நுழைய முடியாததால் முதல் மாதம் முச்சந்தியில் நிறுத்திவிட்டு ஆளனுப்பினார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து உதவியாளர் மூட்டையை வீடு வரை தூக்கி வந்து வைக்கிறார். புதிய திட்டம் என்பதால், முழு மழைக் காலத்திலும் மண் சாலையில் வண்டி எப்படி வருகிறது என்று பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். ஐப்பசி அடைமழையில் ஒரு முறை ஞாயிறு மாலை வரை வரவில்லை, ஆனால் இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள்.

இனி மதிய உணவு. இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத உரிமை. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே முதியோர் உதவித்தொகை பெறுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி உதவித்தொகை பெறும் ஒருவர் அருகிலுள்ள சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடலாம். அப்படிச் சாப்பிடுபவர்களுக்கு மாதம் 2 கிலோ அரிசியும், சாப்பிடாதவர்களுக்கு 4 கிலோ அரிசியும் விலையின்றிக் கொடுக்கப்படுகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலையும் உண்டு. சமைத்துப் போட ஆள் இல்லாத, அடுப்பு மூட்டவே சலித்துப்போன முதியவர்களுக்கு ஒரு வேளைச் சூடான சோறு என்பதைவிடப் பெரிய உதவி ஒன்றை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அத்தை அந்த மையத்துக்கு ஒரு நாள்கூடப் போனதில்லை.

ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன். 'புள்ளைக தட்டுல பங்கு கேக்கவா?' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மையம் பள்ளிக்கூட வளாகத்தில் இருக்கிறது. மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிற இடத்தில், அவர்களுக்குப் பின்னால் ஒரு பாட்டி தூக்குவாளியோடு நிற்பதை எல்லாரும் பார்க்கும்படி அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. எங்கள் ஊராட்சியில் ஒரே ஒரு பெரியவர்தான் போகிறார். அவரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு வாளியில் வாங்கிக்கொண்டு, துண்டால் மூடி, பின்பக்க வழியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். சமைக்கும் அம்மா அவருக்காக எடுத்து வைத்திருப்பார், அதில் ஒரு குறையும் இல்லை. அரசு ஆணையில் இது ஒரு திட்டம். ஊர்க் கண்ணுக்கு இது பிச்சையாகத் தெரிகிறது. அத்தை அந்தச் சாப்பாட்டை விட்டுவிட்டு 4 கிலோ அரிசியை வாங்கிக்கொள்கிறார், அதாவது மாதம் முழுவதுமான மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கூடுதலாக 2 கிலோ அரிசி அவருக்குக் கிடைக்கிறது. கணக்குப் போட்டால் நட்டம் என்பது அவருக்கும் தெரியும்.

இங்கே சோறு இருக்கிறது, சமைக்க ஆள் இருக்கிறார், பாத்திரம் இருக்கிறது, அரிசி ஒதுக்கீடும் இருக்கிறது. இல்லாதது, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் ஆள்தான். மாத்திரைக்கு ஒருவர் வருகிறார், பணத்துக்கு ஒருவர் வருகிறார், அரிசி மூட்டைக்கு ஒரு வண்டி வருகிறது. ஐந்தாறு தூக்குவாளிகளை ஒரு மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு சுற்றிவர யாரும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் திட்டத்தைக் காகிதத்தில் வைத்திருக்கும் நமக்கு அது தோன்றாமல் போனது எனக்குப் புரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அத்தைக்குப் பேருந்துச் செலவு கிடையாது, ஆனால் முதல் படி முழங்காலுக்கு மேல் இருக்கிறது. ஆண் முதியவர்களுக்கு எங்கள் பக்கத்தில் படியும் அதே உயரம், கட்டணமும் உண்டு. நூறு நாள் வேலையில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். கண்மாய்க் கரையில் மண்வெட்டியோடு நிற்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதைப் பார்த்தால், அந்தத் திட்டமும் முதியோர் திட்டமாகவே ஓடிக்கொண்டிருப்பது தெரியும். காலையிலும் பிற்பகலிலும் செயலியில் படம் எடுத்தால்தான் வருகை பதிவாகும் என்பதால், சமிக்ஞை கிடைக்கும் மேட்டுக்கு எல்லாரும் ஏறி நிற்கிறார்கள். அத்தை இரண்டு ஆண்டுகளாகப் போவதில்லை. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். 14567 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். அத்தைக்காக ஒரு முறை அந்த எண்ணை அழைத்து உதவித்தொகை பற்றிக் கேட்டேன். பொறுமையாகவும் தெளிவாகவும் தமிழில் பேசினார்கள். சட்டத்தைப் பயன்படுத்திய ஒருவரையும் எங்கள் ஊரில் நான் அறியேன். மகனுக்கு எதிராக மனு எழுதிக் கொடு என்று கேட்டு ஒருவர் என்னிடம் வந்தார். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டியபோது வாங்கிக் கிழித்துவிட்டுப் போய்விட்டார்.

விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கு, என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள். கைப்பேசி எண்ணாக வீட்டார் ஒருவருடையதையே கொடுங்கள், ஒப்புகைச் சீட்டில் அது சரியாக அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆணை கிடைத்ததும் நகலை இரண்டாக எடுத்து, ஒன்றைச் சத்துணவு அமைப்பாளரிடமும் ஒன்றை ரேஷன் கடையிலும் காட்டி, அரிசியும் வேட்டி சேலையும் பதிவாகின்றனவா என்று கேளுங்கள். எங்களுக்கு யாரும் தாமாகச் சொல்லவில்லை, எட்டு மாத அரிசி போனது போனதுதான். முகவர் பணத்தைக் குறைத்துக் கொடுத்தால் சண்டை போடுவதைவிடத் தபால்காரரிடம் மாறிக்கொள்வது எளிது. ஊரில் பெரியவர்கள் சண்டையை விரும்புவதில்லை, மறுநாளும் அவர்கள் அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.

ரேஷன் வண்டி வரத் தொடங்கிய புதிதில், ஓர் இரண்டாவது சனிக்கிழமை நான் ஊரில் இருந்தேன். வண்டி வந்து அத்தை வீட்டு மூட்டையை இறக்கிவிட்டுப் போனது. எதிர் வீட்டுப் பெரியவர் அதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் தனி ஆள்தான். திங்கள்கிழமை அவர் பையை எடுத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து கடைக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய ஆதாரிலும் பிறந்த நாள் ஜனவரி முதல் தேதி, ஆண்டு 1957. அன்றைய 70 வயது விதிப்படி, வண்டி அவர் வாசலில் நிற்க அப்போது இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தது. 'என்னைய இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்ச ஆளு' என்று அத்தை சொல்கிறார்.